நெல் விலைக்கு இல்லாத மலையூர்: சிப்தகெலார்

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில், சுகபூமி மாவட்டத்தின் ஹாலிமுன் மலைக்குள் இருக்கிறது சிப்தகெலார். ஹாலிமுன் என்றால் சுந்தா மொழியில் மூடுபனி. கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஹாலிமுன் சாலக் தேசியப் பூங்காவின் காட்டை ஒட்டிய ஊர் என்பதால் பிற்பகலில் பனியும் மழையும் சேர்ந்தே இறங்கும். இங்கே வாழ்பவர்களைக் கசெபுஹான் சமூகத்தார் என்பார்கள். 'செபுஹ்' என்றால் மூத்தவர். முன்னோர் வகுத்த வழியில் நடப்பவர்கள் என்று பொருள் கொள்ளலாம். முன்னோரிடமிருந்து உத்தரவு வந்தால் தலைமை ஊரே இடம் மாறும். சிப்தராசாவிலிருந்து இந்த இடத்துக்கு அவர்கள் பெயர்ந்து வந்தது 2000-ஐ ஒட்டித்தான்.

இந்த ஊரின் முதல் சட்டம்: நெல்லையும் அரிசியையும் விற்கக் கூடாது. ஊரில் நீங்கள் பார்க்கும் மற்ற எல்லாமே இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை. இதைத் தெரிந்துகொண்டு போனால் எதைக் கேட்கலாம், எதைத் தொடக் கூடாது என்பது தானாகப் புரிந்துவிடும்.

முதலில் வழி. ஜகார்த்தாவிலிருந்து புறநகர் ரயிலில் போகோர். அங்கே இறங்கிச் சில நிமிடம் நடந்தால் பாலெடாங் என்ற சிறிய நிலையம். சுகபூமிக்குப் போகும் பாங்ராங்கோ ரயில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. வார இறுதியில் இடம் கிடைப்பது அரிது, முன்பதிவு செய்துவிடுங்கள். சிபாடாக்கில் இறங்கி, சிற்றுந்தில் தெற்கே கடற்கரைக்கு வந்தால் பெலபுஹான்ராத்து. பணம் எடுப்பதை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள், மேலே ஏடிஎம் கிடையாது. நண்பகலுக்குள் வந்து சேர முடியாவிட்டால் அன்றிரவு அங்கேயே தங்கிவிடுவது நல்லது.

ஏனென்றால் கடினமான பகுதி இனிமேல்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். வழியில் உள்ள சிர்னரெஸ்மி கிராமம் தாண்டியதும் செங்குத்தான, கரடுமுரடான கல் பாதை. ஓஜெக் என்கிற வாடகை பைக்கிலோ நான்கு சக்கர இழுவை உள்ள ஜீப்பிலோ போகலாம். சொந்தமாக ஓட்டுபவர்கள் கியர் இல்லாத ஸ்கூட்டரை எடுக்காதீர்கள். ஏறும்போது திணறும் என்பது சிறிய சிக்கல். இறங்கும்போது என்ஜின் பிடிமானம் போதாமல், பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போவதுதான் ஆபத்து. ஓஜெக் பேசும்போது திரும்பி வர வேண்டிய நாளையும் நேரத்தையும் சேர்த்தே பேசிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதை ஓரளவு காய்ந்திருக்கும்.

ஊருக்குள் நுழைந்ததும் நேரே 'இமா கெடே' என்ற பெரிய வீட்டுக்குப் போய் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். ஊர்த் தலைவரை 'அபா' என்று அழைப்பார்கள். விருந்தினருக்கு உணவும் படுக்கையும் பெரும்பாலும் அங்கேயே. கட்டணம் என்று பலகை எதுவும் இல்லை. கிளம்பும்போது உங்களால் முடிந்ததைக் கொடுக்கலாம். காபித்தூள், சர்க்கரை, தேயிலை கொண்டுபோவது நல்ல வழக்கம். ஆண்கள் தலையில் 'இக்கெட்' துணி கட்டுவார்கள், பெண்கள் இடுப்பில் கைலி போல ஒரு துணி சுற்றுவார்கள். நெல்லோடு தொடர்புள்ள எந்த வேலையிலும் பெண்களுக்கு இந்தத் துணி கட்டாயம். ஒன்று எடுத்துப் போங்கள். நெல் அங்கே ஸ்ரீ தேவி, நியி போஹாச்சி என்றும் சொல்வார்கள். நம் 'திரு'வின் அதே ஸ்ரீதான்.

வீடுகளைவிட முதலில் கண்ணில் படுவது நெற்களஞ்சியங்கள். பெயர் 'லெவுயிட்'. கல்மேல் நிறுத்திய மரக்கால்கள், கீழே குறுகி மேலே விரிந்து வெளிப்பக்கம் சாயும் மூங்கில் தட்டிச் சுவர், மேலே 'இஜுக்' கூரை. இஜுக் என்பது ஆரென் பனையின் கறுப்பு நார். மழைக்கு அழுகாமல் பல ஆண்டுகள் நிற்கும். கதவு முகட்டுக்கு அடியில் ஒரு சிறு திறப்புதான், ஏணி வைத்து ஏற வேண்டும். வீட்டு அடுப்பிலிருந்து தீ பரவினாலும் நெல் தப்ப வேண்டும் என்று களஞ்சியங்களை வீடுகளிலிருந்து தள்ளிக் கட்டுகிறார்கள். அந்த ஏணியில் ஏறி எட்டிப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். உள்ளே போக வீட்டுப் பெண்ணுக்கே நாளும் முறையும் உண்டு.

உள்ளே இருப்பது உதிர்த்த நெல் அல்ல, கதிர்க்கட்டு. 'எத்தம்' என்ற, உள்ளங்கையில் அடங்கும் கத்தியால் கதிரை மட்டும் தாளோடு ஒவ்வொன்றாக அறுத்து, பிடிபிடியாகக் கட்டி, 'லந்தாயான்' என்ற மூங்கில் கொடியில் வாரக்கணக்கில் காயவைத்த பிறகுதான் உள்ளே போகும். இப்படிக் கதிரோடு அறுத்து வைக்க முடிவதற்குக் காரணம் விதை. மேலே விளைவது மீசை நீண்ட, எளிதில் உதிராத நாட்டு ரகங்கள். நூறு ரகங்களுக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உமியோடும் கதிரோடும் நன்றாகக் காய்ந்து, காற்றோட்டத்தில் இருப்பதால் நெல் ஆண்டுக்கணக்கில் கெடாது. ஈரம் போகாமல் உள்ளே வைத்தால் பூஞ்சை பிடித்துப் பக்கத்துக் கட்டுகளையும் கெடுக்கும். அதனால் இந்தக் கட்டத்தில் யாரும் அவசரப்படுவதில்லை.

ஆண்டுக்கு ஒரே போகம். குளிரில் இந்த ரகங்கள் விளைய ஐந்தாறு மாதம் ஆகிறது. எப்போது தொடங்குவது என்பதை வானம் சொல்லும். கெர்த்தி எனும் கார்த்திகைக் கூட்டம் தெரிந்தால் இரும்புக் கருவிகளை எடுத்துச் சீர்செய்ய வேண்டும். கிடாங் எனும் மிருகசீரிடக் கூட்டம் தெரிந்தால் வயலில் இறங்கலாம். கிடாங் சாய்ந்துவிட்டால் கதிர்நாவாய்ப் பூச்சி வரும் என்பது வாக்கு. அதற்குள் அறுவடை முடிந்திருக்க வேண்டும். எல்லோரும் ஒன்றாக நட்டு ஒன்றாக அறுத்து, பிறகு நிலத்தைச் சும்மா விடுவதால் பூச்சிக்கு அடுத்த வயல் என்று ஒன்று கிடைப்பதில்லை. ரசாயன மருந்து தேவைப்படாததற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

அரிசி ஆலைக்கு அனுமதி இல்லை. அதற்காக இயந்திரத்துக்கே எதிரான ஊர் என்று எண்ண வேண்டாம். ஓடைநீரில் சுழலும் சிறு மின்நிலையமும் உண்டு, சொந்தத் தொலைக்காட்சி நிலையமும் உண்டு. நெல்லின் பாதையில்தான் இயந்திரம் கூடாது. விடியலில் 'லிசுங்' உரலில் உலக்கை விழும் ஓசை கேட்கும். நீளத் தொட்டி போன்ற உரலில் கதிரிலிருந்து நெல்லை உதிர்த்து, பிறகு வட்டக் குழியில் உமி போகக் குத்தி, முறத்தில் புடைக்கிறார்கள்.

சோறு சமைப்பது விறகடுப்பில்தான். கூம்பு வடிவ மூங்கில் கூடையில் அரிசியை அரைப்பதமாக ஆவியில் வேகவைத்து, 'துலாங்' என்ற மரத்தொட்டியில் கொட்டி வெந்நீர் ஊற்றுவார்கள். நீரை அரிசி உறிஞ்சியதும் மறுபடி ஆவியில் ஏற்றி, இறக்கிக் கிளறி விசிறியால் விசிறுவார்கள். விசிறாவிட்டால் ஆவி உள்ளேயே தங்கி, சோறு சீக்கிரம் புளித்துவிடும். தொட்டுக்கொள்ளக் கருவாடு, பச்சைக் கீரை, சம்பால் என்ற மிளகாய்த் துவையல். சைவர்கள் கவனிக்க வேண்டியது சம்பாலை. அதில் 'தெராசி' என்ற இறால் விழுது இருக்கும். 'சாயா திடாக் மாகான் டாகிங், இகான், தெராசி' என்று சொன்னால் இறைச்சி, மீன், இறால் விழுது மூன்றும் சாப்பிடமாட்டீர்கள் என்று புரியும்.

அறுவடை முடிந்து ஆண்டு நிறைவாக நடப்பது செரென் தாவுன் விழா. பெரும்பாலும் ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் வரும், தேதியைப் பெரியவர்கள் குறிப்பார்கள். 'ரெங்கொங்' காவடியைக் கவனியுங்கள். மூங்கில் தண்டின் இரு முனையிலும் நெற்கட்டு. நடக்க நடக்க நார்க்கயிறு மூங்கிலில் உராய்ந்து தவளைக் கூட்டம் போல இரைந்துகொண்டே போகும். நெல் போய்ச் சேருமிடம் 'சி ஜிமாட்' என்ற பொதுக் களஞ்சியம். விழா நாளில் பெருங்கூட்டம் வரும், பாதையும் நெரியும். ஊரை நிதானமாகப் பார்க்க விரும்புபவர்கள் விழா முடிந்து இரண்டு வாரம் கழித்துப் போவதே சரி என்பேன்.

நினைவாக ஒரு பிடி அரிசி கேட்காதீர்கள், இல்லை என்று சொல்ல வேண்டிய சங்கடம் அவர்களுக்கு. பனைவெல்லம் வாங்கலாம். கூரைக்கு நார் தரும் அதே ஆரென் பனையின் பதநீரைக் காய்ச்சியது. மலையின் ஈரக்காற்றில் சீக்கிரம் கசியும், காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக்கொண்டு, மழைக்கு முன்பே, காலை எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள்.