வைரல் லோடு அடங்கிய பிறகு வந்த பரிசோதனை

2011இல், கணவர் இறந்த மூன்றாம் மாதம், அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை இடமான நம்பிக்கை மையத்தில் எனக்கு எச்.ஐ.வி. உறுதியானபோது, நோயெதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 138 மட்டுமே இருந்தது. உடனே எச்.ஐ.வி.யை அடக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை தொடங்கினார்கள். ஒரு வேளையும் தவறவிட்டதில்லை. 2022இல் சிடி4 610க்கு உயர்ந்து, ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று சொல்லும் வைரல் லோடு அறிக்கையில் ‘டார்கெட் நாட் டிடெக்டட்’, அதாவது வைரஸ் தென்படவில்லை, என்று வந்தது. அந்தத் தாளைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

அதற்கடுத்த முறை மாத்திரை வாங்கப் போனபோது ஆலோசகர், “அக்கா, கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எடுத்திருக்கீங்களா?” என்று கேட்டார். எந்தத் தொந்தரவும் இல்லாத எனக்கு எதற்கு என்று மறுத்தேன். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்னும் வேறொரு வைரஸைப் பெரும்பாலான பெண்களின் உடல் ஓரிரு ஆண்டுகளில் தானே விரட்டிவிடும் என்றும், சிடி4 தாழ்ந்து கிடந்த காலத்தில் அது எளிதில் தங்கிவிடும் என்றும், என் மாத்திரை எச்.ஐ.வி.யை அடக்குமே தவிர எச்.பி.வி.யை நேரடியாகத் தாக்காது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு என்றும், அதனால் 25 வயதிலிருந்தே சோதிக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எனக்கு அப்போது 41.

பஞ்சில் தோய்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவியதும் வினிகர் வாடை அடித்தது. ஒரு நிமிடம் கழித்துப் பார்த்த மருத்துவர், வெள்ளைத் திட்டு தெரிவதாகச் சொல்லி, சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார். முடிவு ‘சிஐஎன் 2’: புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய படி.

சிகிச்சைக்காக அனுப்பப்பட்ட மருத்துவமனையில், என் கோப்பைப் புரட்டியதும், காலை எட்டு மணிக்கே வந்திருந்த என்னைக் கருவிகளைக் கழுவ வேண்டும் என்ற காரணம் காட்டி வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். எல்லா நோயாளிகளுக்கும் ஒரே விதமாகத்தான் கருவிகளைச் சுத்திகரிக்க வேண்டும். இத்தகைய பாகுபாட்டை 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் தடை செய்கிறது என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன், அறிந்திருந்தாலும் அன்று வாய் திறந்திருப்பேனா என்பது சந்தேகமே.

மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தார்கள். சில நிமிடங்களில் முடிந்தது. அதன் பிறகு சில வாரங்கள் நீர் கசிந்துகொண்டிருந்தது. ஓராண்டு கழித்துச் சோதித்தபோது திட்டு இல்லை. ஆனாலும் அடுத்த ஆண்டும் வரச் சொல்லி, என் சிகிச்சைக் கையேட்டில் வைரல் லோடு தேதிக்குக் கீழே இதற்கும் ஒரு தேதியை ஆலோசகர் எழுதிக் கொடுத்தார்.