முன்னுரையை முதலில் எழுதாதீர்கள்

பிஎச்.டி. ஆய்வேடு எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முன்னுரையில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். முடிவே தெரியாத ஆய்வுக்கு என்ன முன்னுரை எழுத முடியும்? ஆய்வு முறையியல் இயலில் தொடங்குங்கள். செய்ததை அப்படியே எழுதினால் போதும், கை ஓடும். பிறகு முடிவுகள், விவாதம். முன்னுரையும் ஆய்வுச் சுருக்கமும் கடைசியில்.

பெரிய தலைவலி இலக்கிய மீளாய்வுதான், அதாவது உங்கள் தலைப்பில் ஏற்கெனவே வந்த ஆய்வுகளை அலசும் பகுதி. "இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார்" என்று ஆள் ஆளாக அடுக்கினால் தேர்வாளர் அதைப் பட்டியல் என்றுதான் சொல்வார். எக்செலில் அட்டவணை போடுங்கள். கட்டுரைக்கு ஒரு வரிசை. நெடுவரிசைகளில் கேள்வி, தரவு, முறை, முடிவு, குறை. 'குறை' கட்டங்களை மேலிருந்து கீழாக வாசித்தால் யாரும் தொடாத இடம் கண்ணில் படும். ஆய்வுக் கேள்வி அங்கிருந்துதான் வர வேண்டும். அந்தக் கட்டங்கள் காலியாகவே இருந்தால், கட்டுரைகளின் சுருக்கத்தை மட்டும் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்!

மேற்கோளை எடுக்கும்போதே பக்க எண்ணோடு ஸோட்டெரோ (Zotero) என்ற மேற்கோள் சேமிப்பு மென்பொருளில் போட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் தேடுவது நரகம். நெறியாளரிடம் முழு ஆய்வேட்டையும் மொத்தமாக நீட்டாதீர்கள். இயல் இயலாக, எதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு கேள்வி சேர்த்து அனுப்பினால்தான் உருப்படியான பதில் வரும்.