ஆடிக் காற்றும் அந்தி நேர மின்சாரமும்

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகச் செல்பவர்கள், ஆளையே தள்ளும் காற்று வீசிக்கொண்டிருக்கும்போது முப்பந்தலில் சில காற்றாலைகள் மட்டும் இறக்கைகளின் விளிம்பைக் காற்றுக்குக் காட்டியபடி அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கலாம். எல்லாமே பழுதாகி நிற்பவை அல்ல. மின்சாரத்தை ஊரெங்கும் கொண்டு செல்லும் கம்பி வலையமைப்பான மின்தொகுப்பில் இடமில்லை என்று உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் உத்தரவால் நிறுத்தப்படுபவையும் அவற்றில் உண்டு. 10,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட காற்றாலைத் திறனை நிறுவிவிட்டு, விலையில்லாமல் கிடைக்கும் காற்றைத் திருப்பி அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

காரணம் நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையத்தின் இயல்பில் இருக்கிறது. அதன் கொதிகலனை நினைத்த நேரத்தில் அணைத்து, நினைத்த நேரத்தில் மூட்ட முடியாது; முழுத் திறனில் 55 விழுக்காடு என்பதே அதை இறக்குவதற்கு வகுக்கப்பட்டுள்ள கீழ் வரம்பு. நண்பகலில் சூரிய மின்சாரமும் காற்றும் சேர்ந்து பெருகும்போது அந்த நிலக்கரியின் தேவை குறைகிறது என்றாலும், பொழுது சாய்ந்து சூரிய மின்சாரம் நின்றுபோய், வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் ஏசியும் ஒன்றாக ஓடத் தொடங்கும் நேரத்துக்கு அது வேண்டும் என்பதால், பகலெல்லாம் அதை எரியவிட்டே வைத்திருக்கிறார்கள். அதற்கு இடம் விட்டுத்தான் காற்றாலை நிற்கிறது. அந்தியின் நான்கைந்து மணி நேரத்துக்கு மாற்று வழி கிடைத்தால், அந்தி நேர நிலக்கரியோடு பகல் நேர நிலக்கரியும் சேர்ந்தே குறையும்.

மின்சாரத்தைச் சேமிப்பது நமக்குப் புதிதல்ல. ஆனைமலையில் உள்ள கடம்பாறை நீரேற்று மின்நிலையம் 1987 முதல் 1989 வரை படிப்படியாக இயங்கத் தொடங்கியது. மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைத்த அந்த நிலையத்தில், தலா 100 மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள், மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாற்று நீரை மேலே உள்ள கடம்பாறை அணைக்கு ஏற்றுகின்றன; தேவை ஏறும்போது அதே நீர் இறங்கி வந்து அதே இயந்திரங்களைச் சுழற்றுகிறது. ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும். அருமையான ஏற்பாடுதான். ஆனால் 2024 மே மாதத்தில் தமிழகத்தின் உச்ச மின்தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதோடு ஒப்பிட்டால் கடம்பாறையின் 400 மெகாவாட் மிகச் சிறியது. இன்னொரு கடம்பாறையைக் கட்ட மலையும் காடும் பல ஆண்டுகளும் வேண்டும்.

பேட்டரிக்கு அவை வேண்டாம். துணைமின் நிலையத்தின் காலி இடத்திலேயே பேட்டரிகள் அடுக்கிய கொள்கலன்களை வரிசையாக நிறுத்திவிடலாம், சேமித்துத் திரும்ப எடுப்பதில் மின் இழப்பும் குறைவு. தெற்கு ஆஸ்திரேலியா தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2016 மே மாதத்தில் மூடியது. அதே ஆண்டு செப்டம்பரில் புயலில் மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. அதற்காக அவர்கள் நிலக்கரிக்குத் திரும்பவில்லை. 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் காற்றாலைகளின் அருகே 100 மெகாவாட் பேட்டரியை இயக்கினார்கள். சில நாள்களிலேயே அண்டை மாநிலமான விக்டோரியாவில் ஒரு பெரிய நிலக்கரி மின்நிலைய அலகு திடீரென நின்றபோது, கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரம் தந்து மின்தொகுப்பு சீராக இயங்கக் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டிய அதிர்வெண்ணின் சரிவைத் தடுக்க அது உதவியது.

ஆடி மாதக் காற்றை மார்கழிக்கு எடுத்துச் செல்வது மட்டும் பேட்டரியால் ஆகாது. காற்றாலை உரிமையாளர்கள் மிகுதி மின்சாரத்தை மின்வாரியத்தில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்பப் பெறும் ஏற்பாடு இங்கே நெடுநாளாக உண்டு. அது கணக்கேட்டில் இருக்கும் சேமிப்பு மட்டுமே, திருப்பித் தரும் யூனிட்டுக்குப் பெரும்பாலும் நிலக்கரியே எரிகிறது. பருவத்துக்கான தீர்வு வேறு. அதைக் காரணம் காட்டி அந்தி நேரத் தீர்வைத் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு மணி நேரம் தாங்கும் பேட்டரிகளோடு நிற்காமல், மாலை ஆறு முதல் இரவு பத்து வரை தாங்கும் பேட்டரிகளைக் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் செறிந்துள்ள தென்மாவட்டத் துணைமின் நிலையங்களில் முதலில் அமைக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.