தையல் பிரித்த பிறகு

பைப்ராய்டு கட்டிக்காக வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்து இன்றோடு ஏழு வாரங்கள் ஆகின்றன. தொப்புளுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நேராகக் கீறியிருந்தார்கள். பத்தாம் நாள் தையல் பிரித்தபோது காயம் மூடியிருந்ததைப் பார்த்து, எல்லாம் ஆறிவிட்டது என்றே நினைத்தேன். மேல்தோல் இரண்டு மூன்று நாட்களிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பதும், அதற்கடியில் வயிற்றுச் சுவரைத் தாங்கும் சவ்வு பலம் பெற மாதக்கணக்கில் ஆகும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

முதல் வாரத்தில் இருமலுக்குத்தான் அதிகம் பயந்தேன். தலையணையை வயிற்றோடு அணைத்து அழுத்திக்கொண்டு இரும வேண்டும் என்று செவிலியர் சொல்லித்தந்தார். தும்மல் வரும்போலிருந்தாலே என் கை தலையணையைத் தேடத் தொடங்கிவிடும். நேராக எழாமல் ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே இறக்கி, முழங்கையை ஊன்றி எழுந்தால் வலி பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது வாரம் தழும்பைத் தடவியபோது அடியில் கயிறு போலத் தடித்த ஒன்று விரலில் தட்டுப்பட்டது. மீண்டும் கட்டியோ என்று பதறி ஓடினேன். காயம் ஆறும்போது உருவாகும் கொலாஜன் என்ற நார்ப்புரதம்தான் அப்படித் தடிக்கும், போகப்போக இளகிவிடும் என்றார் மருத்துவர். தழும்பின் இடப்பக்கம் இன்றும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது. தோலின் சிறு நரம்புகள் அறுபட்டதே காரணமாம். ஆனால் பாவாடை நாடா உரசும் இடத்தில் மட்டும் சுருக்கென்று குத்துவதால், புடவையை மூட்டை கட்டி வைத்துவிட்டு நைட்டியிலேயே காலம் தள்ளுகிறேன்.

துவரம்பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்று மாமியார் சாம்பாரையே நிறுத்திவிட்டிருந்தார். அவருடைய அக்கறை புரிந்தாலும், ரசமும் சோறுமாகப் பதினைந்து நாட்கள் ஓட்டியதில் எனக்குக் கோபம்தான் மிஞ்சியது. சீழ் கிருமியால் வருவது, புண் ஆறப் புரதம் வேண்டும், பருப்பும் முட்டையும் தாராளமாகக் கொடுங்கள் என்று மருத்துவர் அவரிடமே சொன்ன பிறகுதான் சாம்பார் திரும்பி வந்தது. காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவினாலோ, சூடாக இருந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொல்லியிருந்தார். நல்லவேளை, எதுவும் வரவில்லை.

ஐந்தாவது வாரம் வலி இல்லையே என்ற தைரியத்தில் நிறைந்த வாளி ஒன்றைத் தூக்கினேன். உள்ளே இழுத்துப் பிடித்த அந்த வலி இரண்டு நாட்கள் விடவில்லை. தழும்பு வழியாகக் குடல் பிதுங்கும் ஹெர்னியா இப்படித்தான் வரும் என்று திட்டு வாங்கியதிலிருந்து, குளியலறைக்குத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகத்தான் கொண்டுபோகிறேன்.