விந்தோலாண்டா மதிலோரம்: குழியிலிருந்து நாட்குறிப்பு

ஜூன் 3, திங்கள்

வட இங்கிலாந்தில் விந்தோலாண்டா ரோமக் கோட்டை. ரோமப் பேரரசின் எல்லைச் சுவரான ஹேட்ரியன் மதிலுக்குத் தெற்கே ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். இங்கே கோடைதோறும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு தோண்டுகிறார்கள். கூட வந்தவர்களில் பலருக்கும் படைவீரர் குடியிருப்புப் பக்கம் போகத்தான் ஆசை, பொருள் நிறையக் கிடைக்கும் என்று. நான் கோட்டை மதிலோரம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். இன்று முழுக்கப் புல்தரையை வெட்டி, தள்ளுவண்டியில் அள்ளிக் கொட்டியதுதான் வேலை. இடுப்பு விட்டுப்போச்சு.

ஜூன் 4, செவ்வாய்

மதிலின் தலை தெரிய ஆரம்பித்தது. உள்ளும் புறமும் செதுக்கிய மணற்கல், நடுவே உடைகல்லும் மண்ணும் காரையுமாக அடைத்த நிரப்பு. ரோமர்கள் எங்கே போனாலும் கட்டிய முறைதான். உட்பக்கம் மதிலை ஒட்டி மண்கரை போட்டிருப்பார்கள். அது மதிலுக்கு முட்டுக் கொடுக்கும், மேலே ஏறவும் உதவும். கோட்டை மூலைகளைக் கூராக விடாமல் வளைத்து, அந்த வளைவின் உட்புறத்தில் காவல் கோபுரம் வைப்பது அந்தக் காலத்து வழக்கம். நம் ஊர்க் கோட்டைகளில் வெளியே பிதுங்கி நிற்கும் கொத்தளம் மாதிரியானது ரோமக் கோட்டைகளில் பெரும்பாலும் பிற்காலத்தில்தான் வருகிறது.

ஜூன் 5, புதன்

காலையிலிருந்து மழை. குழி முழுக்கத் தண்ணீர், அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டோம். 1973இல் தொல்லியலாளர் ராபின் பர்லி இங்கே கண்டெடுத்த மரப்பலகைக் கடிதங்களை விட்டு நகர மனமே வரவில்லை. மெல்லிய சீவல் போன்ற பலகை, அதில் மையெழுத்து. இங்கே கிடைத்த பலகை ஒன்றில், கம்பாக்ஸ் என்ற ஒருவன் பேரில் இரண்டு தினாரியத்துக்கு (ரோம வெள்ளிக் காசு) மிளகு என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். மிளகு என்றால் முசிறிப் பக்கத்து மலைச் சரக்கு. கடலும் பாலைவனமும் தாண்டி, பேரரசின் வட விளிம்பில் குளிரில் காவல் நின்றவன் கைக்கு அது வந்து சேர்ந்திருக்கிறது. படித்ததும் உடம்பு சிலிர்த்தது.

ஜூன் 6, வியாழன்

இந்த வாரத்தின் நாள் இதுதான்.

மதிலின் உள்முகத்தைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டே வந்தபோது, வரிசையாக ஒரே அளவில் இருந்த கற்கள் ஓரிடத்தில் திடீரென்று மாறின. பெரிதும் சிறிதுமாக, காரையே இல்லாமல் வெறும் களிமண்ணில் பதித்த கற்கள். அவற்றில் ஒன்றைப் பிரஷ்ஷால் துடைத்தால் வளைந்த விளிம்பும் ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுவென்று முகமும்: திரிகைக் கல்லின் உடைசல்! யாரோ மாவரைத்த கல்லை எடுத்து மதிலில் சொருகியிருக்கிறார்கள்.

எங்கள் மேற்பார்வையாளரம்மா குனிந்து பார்த்துவிட்டு, இது பழுதுபார்த்த இடம், பிந்திய காலமாக இருக்கலாம் என்றார். மதில் ஏன் சரிந்தது என்பதையும் அவரே விளக்கினார். இந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது கோட்டைகள் இருந்திருக்கின்றன, முதலாவது கி.பி. 85 வாக்கில் மரத்தால் கட்டியது. பழைய அகழிகளைத் தூர்த்து, பழைய மரக் கட்டடங்களை மண்போட்டு மூடி, அதன் மேலேயே அடுத்த கோட்டை. கீழே ஈரத்தில் காற்றே புகாமல் கிடக்கும் அந்த அடுக்குகள் பாரம் தாங்காமல் அமுங்க அமுங்க, மேலே கல் கட்டடம் இறங்கும். மரப்பலகைக் கடிதங்களை 1,900 ஆண்டுகள் காப்பாற்றிய அதே ஈரமண்தான் மதிலையும் சாய்த்திருக்கிறது!

எனக்கு இந்த ஒட்டுப்போட்ட பகுதி, அழகாகச் செதுக்கிய பகுதியைவிட உயர்வாகத் தெரிகிறது. முன்பெல்லாம் பல இடங்களில் இப்படிப்பட்ட பிற்காலக் கற்களை 'குப்பை' என்று பிய்த்து எறிந்துவிட்டு, கீழே இருக்கும் 'நல்ல' ரோமச் சுவரைத் தேடிப் போயிருக்கிறார்கள். அது பெரிய இழப்பு. பேரரசு கை விட்ட பிறகும் இங்கே ஆட்கள் இருந்தார்கள். இங்கே கிடைத்த பிரிகோமாக்லஸ் என்பவரின் கல்லறைக் கல் ரோமர் ஆட்சி போனதற்குப் பிந்தியது. அப்படிப்பட்டவர்களுக்கும் இந்த மதில் தேவைப்பட்டிருக்கிறது, நின்றாக வேண்டியிருந்தது.

ஜூன் 7, வெள்ளி

மதிய இடைவேளையில் அகழி பற்றிப் பேச்சு. கி.பி. 212 வாக்கில் ஒரு படை கிளம்பிப் போனபோது தங்கள் சாமான்களை அகழியில் கொட்டிவிட்டுப் போயிருக்கிறது. 2016இல் அதிலிருந்து எடுத்த செருப்பும் பூட்ஸும் மட்டும் நானூறுக்கு மேல், குழந்தைகள் காலணி உட்பட. அடுத்து வந்தவர்கள் அதையெல்லாம் மூடி, புதுக் கோட்டை எழுப்பினார்கள். ஆகவே மதிலின் கதை தெரிய வேண்டுமானால் அகழியையும் சேர்த்துத்தான் தோண்ட வேண்டும்.

பிற்பகல் முழுக்க வரைபடம். சட்டகம் வைத்து, கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கல்லையும் அளந்து வரைய வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனாலும் கை ஓடியது. திரிகைக் கல்லின் வளைவை மட்டும் அழித்து அழித்து வரைந்தேன். ஒட்டுப்பகுதியைப் பிரிக்காமல் இருக்கிற இடத்திலேயே விட்டுவைப்பது என்று முடிவாகியிருக்கிறது. திங்கட்கிழமை வரும் குழு, அதன் இரண்டு பக்கத்திலும் மண்கரையைத் தொடர்ந்து வெட்டும்.