முதலில் ஆட்டத்தை எடுங்கள்: பழைய 400இஎக்ஸில் நான் செலவழித்த வரிசை

பழைய ஸ்போர்ட் ஏடிவி (குவாட் என்றும் சொல்லும் நான்கு சக்கர மண்தட வண்டி) ஒன்றை வாங்கியவுடன் சைலன்சரை மாற்றுவது இங்கே, அமெரிக்காவின் அரிசோனாவில், ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. முந்நூறு, நானூறு டாலர் கொடுத்து மாட்டும் அந்தக் குழாய் சத்தத்தைக் கூட்டும் அளவுக்கு வேகத்தைக் கூட்டுவதில்லை. அதே பணத்தில் வண்டியின் முன்பக்க, பின்பக்க மூட்டுகள் அனைத்தையும் புதிதாக்கிவிடலாம் என்பதே என் அனுபவம். கையில் இருக்கும் பணம் குறைவு என்றால், சக்தியைத் தேடுவதற்கு முன்னால் வண்டியில் உள்ள ஆட்டத்தை, அதாவது தேய்ந்த மூட்டுகளின் தளர்வை, எடுக்க வேண்டும்.

ஃபீனிக்ஸில் நான் வாங்கியது 2006ஆம் ஆண்டின் ஹோண்டா டிஆர்எக்ஸ் 400இஎக்ஸ். 1999இல் அறிமுகமான இந்த மாடல், 2009 முதல் 400எக்ஸ் என்ற பெயரில் 2014 வரை வந்தது. 2005இல் ரிவர்ஸ் கியர் சேர்க்கப்பட்டது என்பதால் அதற்குப் பிந்தைய வண்டியைத்தான் தேடினேன். பாறை இடுக்கில் சிக்கிய குவாட்டை இறங்கிப் பின்னால் இழுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதன் 397 சிசி எஞ்சின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டர், தண்ணீர்ப் பம்பு, தண்ணீர் ஹோஸ் எதுவும் இல்லாததால் கெடுவதற்கான பாகங்களும் குறைவு. எக்ஸ்ஆர்400ஆர் மோட்டார்சைக்கிளின் எஞ்சினும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் உதிரி பாகங்களுக்கும் பஞ்சமில்லை. பின்னால் வந்த 450ஆர் இதைவிட வேகமானதுதான். ஆனால் அதில் வால்வு இடைவெளியைச் சரிசெய்ய ஷிம் என்னும் மெல்லிய உலோகத் துண்டை மாற்ற வேண்டும். இதில் ஒரு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) போதும்.

வேலையை முன்பக்கத்திலிருந்து தொடங்கினேன். ஃபிரேமுக்கு அடியில் ஜாக்கி வைத்து முன் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்க்க வேண்டும். அதில் டொக், டொக் என்று சத்தம் வந்தால் பால் ஜாயின்ட்டோ (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) சக்கர பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. இடமும் வலமும் பிடித்து அசைக்கும்போது ஆடினால், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் முனையைச் சந்தேகிக்க வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் கையான ஏ-ஆர்ம் ஃபிரேமோடு சேரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தை உலுக்கினால், அங்குள்ள புஷ் (மூட்டின் உள்உறை) தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். என் வண்டியில் நான்கு ஏ-ஆர்ம்களின் புஷ்களும் போயிருந்தன. கழற்றியபோது உள்ளே கிரீஸ் இருந்த இடத்தில் காய்ந்த செம்மண்தான் இருந்தது. புஷ் செட்டும் இரண்டு பால் ஜாயின்ட்டும் சேர்த்து நூறு டாலருக்குச் சற்று மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு ஹேண்டில்பார் கையில் நடுங்குவது நின்றது. எந்தச் சைலன்சரும் இந்த மாற்றத்தைத் தந்திருக்காது.

பின்பக்கம் இதைவிட மோசம். உயரழுத்தத் தண்ணீரால் வண்டியைக் கழுவும் பழக்கம் உள்ளவர்களிடமிருந்து வாங்கும் குவாட்கள் வெளியே பளபளப்பாகவும் பேரிங்குகளுக்குள் துருவோடும் இருக்கும். பின் ஆக்சிலைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மின் போல்ட் சில வண்டிகளில் இறுகிப்போய்ச் சுத்தியலுக்கும் அசையாது. துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஓரிரவு விட்டு, நட்டை முனையிலேயே மாட்டி வைத்து மரையைக் காத்துக்கொண்டு தட்டுவதே வழி. ஆக்சிலைத் தாங்கும் கேரியரின் பேரிங்கையும் சீலையும் சேர்த்தே மாற்றிவிடுவது நல்லது. சீலை விட்டுவிட்டு பேரிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த மழைக்காலத்தில் அதே வேலை திரும்ப வரும். இந்த மாடலில் ஆக்சிலின் பெரிய நட்டுகள் தளர்வது பரவலாகத் தெரிந்த குறை. தளர்ந்த நட்டோடு ஓட்டினால் ஆக்சிலின் மரையே தேய்ந்துபோய், சில டாலர் லாக்டைட்டில் (மரையில் தடவும் பசை) முடிய வேண்டிய காரியம் ஒரு புது ஆக்சிலில் போய் முடியும்.

செயினை மட்டும் தனியாக மாற்றுவது பொய்ச் சிக்கனம். செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் தேய்ந்திருந்தால் அதன் பல் கொக்கிபோல வளைந்திருக்கும். அதன்மேல் புதுச் செயினைப் போட்டால் அது சீக்கிரமே பழைய செயினின் கதிக்கு வந்துவிடும். செயின், முன், பின் ஸ்ப்ராக்கெட்டுகள் என மூன்றையும் சேர்த்தே வாங்குவதால், கியர் விகிதத்தை மாற்றவும் அதுவே நேரம். கம்பெனி கொடுப்பது முன்னால் 15 பல், பின்னால் 38 பல். முன்னால் 14 போட்டால் விகிதம் 2.53இலிருந்து 2.71 ஆகிறது, அதாவது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் இழுவை, அதே அளவுக்குக் குறைந்த உச்ச வேகம். டேபிள் மேசா பக்கத்துப் பாறைத் தடங்களில் உச்ச வேகத்தை நான் தொடுவதே இல்லை என்பதால் இது எனக்கு நட்டமில்லாத பேரம். பணத்துக்குக் கிடைத்த பலன் என்று பார்த்தால், இந்த வண்டிக்கு நான் செய்த எஞ்சின் தொடர்பான எதுவும் இந்த ஒரு பல்லுக்கு ஈடாகவில்லை.

அரிசோனாவில் எஞ்சினைக் கொல்வது தூசி. காற்று ஃபில்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயின் உள்சுவரில் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்துப் பாருங்கள்; துணியில் மண் ஒட்டினால் பிஸ்டன் ரிங் ஏற்கெனவே மண்ணைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். ஸ்பாஞ்சு ஃபில்டரைக் கழுவி, முழுதும் காயவிட்டு, ஃபில்டர் எண்ணெயைச் சீராகப் பிசைந்து, அது உட்காரும் விளிம்பில் கிரீஸ் தடவினால் போதும். ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிவிட்டால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்பது உண்மைதான். ஆனால் கூடுதல் காற்றுக்கு ஏற்ப, கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்காவிட்டால் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். அப்படிப் பெரிதாக்கிய ஜெட்டோடு, ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஃபிளாக்ஸ்டாஃபுக்குப் போனால் மெல்லிய காற்றில் கலவை கெட்டியாகி வண்டி திணறும். நான் மூடியைக் கழற்றவில்லை.

கார்புரேட்டரில் பெரும்பாலும் அடைத்துக்கொள்வது ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சிறு துளையான பைலட் ஜெட். எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிட்டால் அது காய்ந்து, அந்த நுண்துளையை மூடிவிடும்; சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் அணையும் வண்டிக்கு இதுவே வழக்கமான காரணம். அடிக் கிண்ணத்தின் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் என்னும் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. தலையில் சிறு புள்ளி இருந்தால் அந்த வகை என்று அடையாளம் காணலாம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் சரியாக உட்காராமல் வழுக்கி, மென்மையான தலையைச் சிதைத்துவிடும். பத்து டாலருக்குக் கிடைக்கும் ஜேஐஎஸ் டிரைவர் இந்தத் தலைவலியை முற்றிலும் தவிர்க்கிறது. ஜெட்டின் துளையைக் கம்பியால் குத்தக் கூடாது. கிளீனர் ஸ்ப்ரேயும் அழுத்தக் காற்றும் போதும்.

வால்வு இடைவெளியை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். ஹோண்டாவின் கையேடுகள் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே என்று வரம்பு சொல்கின்றன. ஃபீனிக்ஸின் ஜூலை மாதத்தில் ஓடாத எஞ்சினும் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும் என்பதால், இந்த வேலையைக் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவைத்திருக்கிறேன். எண்ணெய் அளவைப் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இது டிரை சம்ப் எஞ்சின். எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கிறது. நிற்கும் வண்டியில் அது மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடுவதால், சில நிமிடங்கள் ஐடிலில் ஓடவிட்டு, அணைத்த உடனே பார்த்தால்தான் சரியான அளவு தெரியும். காலையில் குச்சியை எடுத்துப் பார்த்துவிட்டு எண்ணெய் குறைவு என்று மேலே ஊற்றுபவர்கள் ஏராளம்.

காசே செலவாகாத மேம்பாடு ஒன்றும் இருக்கிறது: முன் சக்கரங்களின் டோ, அதாவது அவை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு. ஹேண்டில்பாரை நேராகக் கட்டிவைத்து, இரண்டு முன் டயர்களின் மையக்கோடுகளுக்கு இடையிலான தூரத்தை, ஆக்சில் உயரத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் டேப்பால் அளந்து, முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராடைத் திருப்பினால் போதும். என் வண்டியில் சக்கரங்கள் வெளிப்பக்கம் விரிந்திருந்தன. டயரின் உள் ஓரம் மட்டும் மொட்டையானதற்கு அதுதான் காரணம்.

மிச்சப்படுத்தக் கூடாத இடங்களும் உண்டு. கால் நழுவிப் பின் டயருக்கு முன்னால் விழாமல் தாங்கும் நெர்ஃப் பாரும், விழுந்தால் எஞ்சினை அணைக்கும் கயிற்று ஸ்விட்சும் முதல் நாளே மாட்டப்பட்டன. தேசிய வனப் பகுதிகளில் ஓட்ட சைலன்சரில் தீப்பொறித் தடுப்பான் இருக்க வேண்டும். வண்டியோடு வந்த அசல் சைலன்சரில் அது ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கழற்றாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிலிண்டரைப் பெரிதாக்கச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள். அசல் 85 மில்லிமீட்டர் பிஸ்டனை 87 ஆக்கினால் 416 சிசி. 89 ஆக்கினால் 435 சிசி, கடைக்காரர்கள் அதைத் தாராளமாக 440 என்பார்கள். ரிங் தேய்ந்து நீலப்புகை வந்து, எப்படியும் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க வேண்டிய நிலை வந்தால் 416க்குப் போவதில் நியாயம் உண்டு. அந்தக் கூலியை எப்படியும் கொடுத்தாக வேண்டும். நன்றாக ஓடும் எஞ்சினைப் பிரிப்பதற்கு எனக்கு மனமில்லை. அடுத்து ஒதுக்கிவைக்கும் பணம் பின் ஷாக் அப்சார்பருக்கு: அதன் எண்ணெய் கறுத்துப்போயிருக்கிறது, அடுத்தடுத்து மேடுகள் வரும்போது பின்பக்கம் துள்ளுகிறது, எண்ணெய் மாற்றி நைட்ரஜன் நிரப்பித் தரும் கடையில் விலை கேட்டு வைத்திருக்கிறேன்.