அதே டைவிங் ரிசார்ட்டுக்கு இரண்டாம் முறையா? கம்ப்ரசர் கொட்டகையை முதலில் பாருங்கள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குப் (இப்போதைய பெயர் ஸ்வராஜ் தீவு) போய், சிலிண்டர் காற்றில் மூச்சுவிட்டுக் கடலுக்குள் இறங்கும் ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தவர்கள் அடுத்த வருஷமும் அதே ரிசார்ட்டுக்குத்தான் பணம் கட்டுகிறார்கள். தெரிந்த இடம், தெரிந்த ஆட்கள் என்ற தைரியம். ராயபுரத்துக்கோ திருவொற்றியூருக்கோ திரும்பி வந்ததும் கேட்டால், "முதல் தடவை மாதிரி இல்லப்பா" என்கிறார்கள். ரூம் அதேதான், மீன் வறுவலும் அதேதான். ஆனால் தண்ணீருக்குள் இருக்கும் நேரம் குறைந்துவிட்டது, மேலே வந்தால் தலை வலிக்கிறது, பவளத்தில் நிறம் இல்லை. மூன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. பாதியை முன்பணம் கட்டும் முன்பே கண்டுபிடித்துவிடலாம், மீதியைப் போய் இறங்கிய முதல் அரை மணி நேரத்தில்.

ரிசார்ட் கை மாறினாலோ செலவைச் சுருக்கினாலோ அது முதலில் தெரிவது, சிலிண்டரில் காற்றை அழுத்தி நிரப்பும் இயந்திரம் இருக்கும் பின்புறக் கம்ப்ரசர் கொட்டகையில்தான். கடலோர அறைக்கு வெள்ளையடித்து விடுவார்கள். ஃபில்டரை மாற்றுவது விருந்தாளி கண்ணுக்குத் தெரியாத செலவு, அதனால் அதைத் தள்ளிப்போடுவார்கள். போனதும் கொட்டகையைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல இடத்தில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். சுவரில் ஒரு நோட்டு தொங்க வேண்டும்: இயந்திரம் ஓடிய மணிக்கணக்கு, ஆயில் மாற்றிய தேதி, ஃபில்டர் மாற்றிய தேதி. தீவுக் காற்றில் சூடும் ஈரமும் அதிகம். கரியும் ஈரம் உறிஞ்சும் மணிகளும் அடைத்த அந்த ஃபில்டர், குளிர்நாட்டில் உழைக்கும் காலத்துக்கு இங்கே உழைக்காது. தானாக வடிக்கும் அமைப்பு இல்லாத இயந்திரமென்றால், சேரும் தண்ணீரை 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் நின்று திறந்துவிட வேண்டும். ஆள் குறைந்த இடத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான்.

காற்றை இழுக்கும் குழாயின் வாய் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். பக்கத்தில் ஜெனரேட்டரோ படகு எஞ்சினோ ஓடினால், அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடு சிலிண்டருக்குள் போகும். அதற்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. மேலே பத்து லட்சத்தில் 10 பங்கு இருந்தால், 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்காவதால் உடம்புக்கு அது 40 பங்கு போல வேலை செய்யும். ஒரு குழுவில் இரண்டு மூன்று பேருக்கு டைவ் முடிந்ததும் ஒரே மாதிரி தலைவலி வந்தால், வெயில் என்று சமாதானம் சொன்னாலும் அன்றைக்கு அந்தச் சிலிண்டர்களைத் தொடாதீர்கள். எண்ணெய் கலந்திருந்தால் தெரியும்: வால்வை லேசாகத் திறந்து வெள்ளைத் துணியில் அரை நிமிடம் அடியுங்கள். கறையோ ஈரமோ படிந்தாலும், காற்றில் டீசல் வாடை வந்தாலும் வேண்டாம்.

தண்ணீருக்குள் நேரம் குறைவதற்குக் கணக்கே இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கொடுக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11.1 லிட்டர். 200 பார் (அழுத்தத்தின் அளவு) நிரப்பி, 50 பாரை மிச்சம் வைத்தால் பயன்படுவது 1665 லிட்டர். 15 மீட்டரில் அழுத்தம் இரண்டரை மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் அங்கே 50 லிட்டர் எடுப்பார், ஆக 33 நிமிடம். அவசரமாக நிரப்பும் இடத்தில் சிலிண்டர் 50 டிகிரிக்குச் சூடாகிவிடும். அந்தச் சூட்டில் 190 பார் காட்டும்போது நிறுத்திவிட்டால், 30 டிகிரிக் கடலில் ஆறியதும் 178 பார்தான் நிற்கும். அப்போது கிடைப்பது 28 நிமிடம். குழுவில் ஒருவருக்குத் தீர்ந்தால் எல்லோரும் மேலே ஏற வேண்டியதாகிவிடும். ஒரு நாளைக்கு இரண்டு டைவ், நான்கு நாள் என்றால் 40 நிமிடம் போயிற்று, அதாவது ஒரு முழு டைவுக்கும் மேல். ஆகவே சிலிண்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கேஜ் (அழுத்தமானி) காட்டுவதை நம்ப வேண்டாம். ஆறியபின் 200 காட்டுவதைத்தான் கேளுங்கள்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டரை மாட்டி, கேஜைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து தடவை பலமாக மூச்சிழுங்கள். முள் ஆடினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, இல்லையென்றால் ரெகுலேட்டரின் ஃபில்டர் அடைத்திருக்கிறது. மாட்டும் முன்பே முதல் நிலையின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு சேரும் பகுதி) வாயில் உள்ள சின்ன உலோக ஃபில்டரைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை சர்வீஸ் செய்வது வழக்கம், தேதியைக் கேட்பதில் தவறில்லை. தண்ணீரில் மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் பி.சி.டி. ஜாக்கெட்டை முழுக்க ஊதி பத்து நிமிடம் விட்டால், கசியும் வால்வு தானே காட்டிக்கொடுத்துவிடும். கழுவும் தொட்டித் தண்ணீர் உப்புக் கரித்தால், அங்கே எந்தச் சாமானும் நன்றாக இருக்காது.

சிலிண்டர் வாயில் 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான். ரெகுலேட்டரைக் கவ்வி மாட்டும் யோக் வகை வால்வுக்கு 014 அளவு: உள்விட்டம் 12.4 மி.மீ., தடிமன் 1.78 மி.மீ., ரப்பரின் கடினம் 90. பாரிமுனைப் பக்கம் ஆயில் சீல் விற்கும் கடைகளில் இந்த அளவைச் சொல்லிக் கேட்டு பத்து வாங்கி வைத்துக்கொள்ளலாம். கடினம் 70 கொடுத்தால் வாங்காதீர்கள், அந்த அழுத்தத்தில் பிதுங்கும்.

ஆள் விஷயம் சுருக்கமாக. போன தடவை கற்றுக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இவர்கள் சீசனுக்குச் சீசன் தீவு மாறுகிறவர்கள். ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பேர் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான்கு பேருக்கு ஒருவர் என்பதே மேல்வரம்பு, இரண்டு பேர் என்றால் நிம்மதி. அவசர ஆக்சிஜன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மூடி வைத்த பெட்டியில் காலி சிலிண்டர் இருந்தால் பயனில்லை.

கடல் மாறியதற்கு ரிசார்ட்டைக் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் மறைத்தால் சொல்லலாம். வழக்கமான கோடை உச்சத்தைவிடத் தண்ணீர் ஒரு டிகிரி கூடி சில வாரம் நின்றாலே, பவளம் தனக்குள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். அந்தமானில் 2010-இல் இது கடுமையாக நடந்தது, லட்சத்தீவில் 2024-இல். வெள்ளையாக இருக்கும் பவளத்துக்கு இன்னும் உயிர் இருக்கலாம். பழுப்பாகப் பாசி போர்த்தியிருந்தால் அது இறந்துவிட்டது. எண்ணூர்க் கழிமுகம் மாறியதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு இதன் வேதனை புரியும். முன்பணத்துக்கு முன், நீங்கள் இறங்கப்போகும் அதே இடத்தில் கடந்த ஒரு மாதத்துக்குள் எடுத்த வீடியோவைக் கேளுங்கள்.

நாளும் முக்கியம். முதல் தடவை பிப்ரவரியில் போனவர்கள், இரண்டாம் தடவை பிள்ளைகளுக்கு லீவு என்று மே கடைசியில் போகிறார்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு வரும் முன்பே, மே மூன்றாவது வாரம் வாக்கில், அந்தமான் கடலைத் தொட்டுவிடும். அலையும் கலங்கலும் அதனால்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல தெளிவு. காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியைத் தவிர்த்து அஷ்டமி, நவமியை ஒட்டி நாள் குறித்தால் நீரோட்டம் தணிந்திருக்கும். அங்கே ஏற்றவற்றம் நம் காசிமேட்டில் பார்ப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில் வற்றத்தின்போது தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாறை தெரியும். "கடற்கரை ரிசார்ட்" என்று போய் நீந்த முடியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் போனவர்கள்.

குறை சொன்னால், கிளம்பும் நாள் காலையில் ஒரு டைவ் இலவசம் என்று சில இடங்களில் சமாதானம் பேசுவார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். பல டைவ் செய்தபின் விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சென்னை விமானம் காலை 10 மணிக்கு என்றால், கடைசி டைவிலிருந்து முந்தின நாள் மாலை 4 மணிக்குள் மேலே வந்திருக்க வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து படகுப் பயணம் ஒன்றரை முதல் இரண்டரை மணி நேரம் என்பதால், நடைமுறையில் அது முந்தின நாள் காலை டைவாகத்தான் இருக்க முடியும். அந்த இலவச டைவுக்குப் பதில் பணத்தைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.